வீட்டிலேயே சோப்பு செய்வது: வீடியோவை எடைக்கணக்காக மாற்றுவதிலிருந்து நான்கு வாரம் காயவைப்பது வரை

இணையத்தில் வரும் வீட்டுக் கைவேலைகளிலேயே அதிகம் பேர் ஆசைப்பட்டு ஆரம்பித்துப் பாதியில் கைவிடுவது சோப்புதான். வீடியோவில் அது ஏழு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வீட்டில் செய்தால் எண்ணெய் மேலே மிதக்கிறது, இல்லையென்றால் கட்டி கைபட்டதும் எரிகிறது.

எங்கள் குடியிருப்பில் பத்துப் பேருக்கு மேல் என் சமையலறையில் நின்று தங்கள் முதல் சோப்பைச் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்ததில் ஒன்று தெரிந்தது. கலக்கும்போது தவறு செய்தவர்கள் குறைவு. பெரும்பாலும் அதற்கு முன்பே, எண்ணெயை எடுத்து அளந்த இடத்திலேயே தவறு நடந்திருந்தது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அடுப்படிக்குப் போவதற்கு முன் செய்யவேண்டிய வேலை. அதைத் தாண்டிவிட்டு நேராகக் கலக்கும் பகுதிக்குப் போகாதீர்கள்.

இங்கே சொல்வது எண்ணெயும் காஸ்டிக் சோடா என்ற கடுமையான காரமும் சேர்த்து முதலிலிருந்து செய்யும் சோப்பு. கடையில் விற்கும் சோப் பேஸ் கட்டியை உருக்கி அச்சில் ஊற்றுவது வேறு வேலை. அதற்கு இவ்வளவு எச்சரிக்கை தேவையில்லை. இரண்டையும் ஒரே பெயரில் போடும் வீடியோக்கள் நிறைய உண்டு. காஸ்டிக் சோடா பற்றிப் பேச்சே இல்லாமல் சோப்பு உருவானால், அது பேஸ் உருக்கும் வீடியோ.

1. செய்முறை நம்பத் தகுந்ததா என்று பாருங்கள்

ஒரு செய்முறையை எடுத்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். எல்லாப் பொருளும் கிராமில் இருக்கிறதா? எந்த எண்ணெய் என்று பெயர் சொல்லியிருக்கிறதா? காஸ்டிக் சோடா எத்தனை கிராம் என்று தெளிவாக இருக்கிறதா? இதில் ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் அந்தச் செய்முறையை விட்டுவிடுங்கள்.

"ஒரு கப் எண்ணெய், இரண்டு ஸ்பூன் காஸ்டிக்" என்று சொல்பவருக்கு அவருடைய கப்பிலும் ஸ்பூனிலும் நன்றாக வந்திருக்கலாம். காஸ்டிக் சில்லுகளாகவும் வருகிறது, முத்துகளாகவும் வருகிறது. ஒரே ஸ்பூனில் அள்ளினாலும் இரண்டின் எடையும் ஒன்றாக இருக்காது. உங்கள் ஸ்பூனுக்கு அவர் கணக்கு பொருந்தாது.

இன்னொரு அடையாளம் உண்டு. "பிஹெச் 5.5 உள்ள வீட்டு சோப்பு" என்று தலைப்பு இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்த உண்மையான சோப்பு காரத்தன்மை உடையது. அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் எண் அதற்குப் பெரும்பாலும் 9, 10 என்ற அளவில்தான் இருக்கும். அதை 5.5-க்கு இறக்கினால் அது சோப்பாக நிற்காது, கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும்.

2. என்னென்ன வாங்க வேண்டும்

முதல் முறைக்கு நான் எல்லோருக்கும் சொல்வது அரை கிலோ எண்ணெய்க் கணக்கு:

தேங்காய் எண்ணெய் – 300 கிராம்
தவிட்டு எண்ணெய் – 150 கிராம்
விளக்கெண்ணெய் – 50 கிராம்
காஸ்டிக் சோடா – 74 கிராம்
தண்ணீர் – 150 கிராம்

தேங்காய் எண்ணெய் கட்டியைக் கெட்டியாக்கும், நுரையும் அழுக்கு நீக்கமும் அதனால்தான். அது மட்டுமே இருந்தால் தோல் வறண்டுபோகும். அதை மட்டுப்படுத்தத் தவிட்டு எண்ணெய். விளக்கெண்ணெய் கொஞ்சமாகச் சேர்ந்தால் நுரை நீண்ட நேரம் நிற்கும். அதிகமானால் கட்டி பிசுபிசுக்கும்.

தேங்காய் எண்ணெய் சமையலுக்கு விற்பதாக இருக்கட்டும். தலைக்குத் தேய்க்க என்று விற்கும் வாசனை எண்ணெய்கள் சிலவற்றில் மினரல் ஆயில் கலந்திருக்கும். அது காஸ்டிக்கோடு சேரவே சேராது. கட்டியில் எண்ணெயாகவே கசிந்து நிற்கும். செக்கு எண்ணெய் தாராளமாகப் பயன்படுத்தலாம். அடியில் கசடு இருந்தால் மட்டும் வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. பெயரில் சோடா இருப்பதால் குழம்பிப்போய் ஆப்ப சோடாவும் சலவை சோடாவும் வாங்கி வந்தவர்கள் உண்டு. இரண்டாலும் எண்ணெய் சோப்பாக மாறாது. சாக்கடை அடைப்பு நீக்கும் பொடியும் வேண்டாம். அவற்றில் வேறு பொருட்கள், சிலவற்றில் அலுமினியத் துகள்கூடக் கலந்திருக்கும். சென்னையில் பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். மற்ற ஊர்களிலும் கெமிக்கல் கடையில் கேளுங்கள். பாக்கெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற பெயரும் சுத்தத்தின் சதவீதமும் அச்சிட்டிருக்க வேண்டும்.

காஸ்டிக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கட்டிதட்டி ஒட்டிப்போன பழைய பாக்கெட்டில் 74 கிராம் எடுத்தால், அதில் ஒரு பங்கு வெறும் ஈரம். கடைசியில் சோப்பு குழகுழவென்று எண்ணெய்ப் பசையோடு நிற்கும். சின்ன பாக்கெட்டாக, புதிதாக வாங்குங்கள்.

தண்ணீருக்குப் போர்த் தண்ணீர் வேண்டாம். அதில் இருக்கும் உப்புகள் சோப்போடு சேர்ந்து, குளியலறைத் தரையில் படியும் வெள்ளைப் படலம் போல ஆகும். டிஸ்டில்ட் வாட்டர் நல்லது. இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர் போதும்.

3. பாத்திரமும் கருவியும்

அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் பட்டதும் அலுமினியம் பொங்கி நுரைக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பாத்திரமும் அரிக்கும். "சில்வர் பாத்திரம்" என்று வீட்டில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம். அதனால் கையில் எடுத்துப் பாருங்கள். கனமாகவும் பளபளப்பாகவும் இருந்தால் எவர்சில்வர். அளவுக்குப் பொருந்தாமல் லேசாகவும் மங்கலாகவும் இருந்தால் அலுமினியமாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். நான்ஸ்டிக் பாத்திரமும் வேண்டாம்.

கண்ணாடிப் பாத்திரம் பல வீடியோக்களில் வருகிறது. காஸ்டிக் கரையும்போது தண்ணீர் சட்டென்று கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடாகும். அந்தச் சூட்டில் கண்ணாடி விரிசல் விட்டால் மேசை முழுக்கக் காஸ்டிக் ஓடும். அடியில் 5 என்ற எண் போட்ட கெட்டி பிளாஸ்டிக் ஜாடி அல்லது எவர்சில்வர் சொம்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை: ஹேண்ட் பிளெண்டர், எவர்சில்வர் கரண்டி, சிலிக்கான் ஸ்பேட்டுலா, அச்சு. பிளெண்டரின் கால் பகுதி எவர்சில்வரா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள், அலுமினியமாக இருந்தால் ஆகாது. மிக்ஸி ஜாரில் ஊற்றி அடிக்காதீர்கள். மூடி இடுக்கில் தெறித்தால் முகத்துக்கு நேராக வரும். மரமத்தால் கடையலாம் என்று ஒரு பாட்டி சொன்னார். கடைந்தும் காட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது, மத்தும் நார் நாராக உரிந்துபோனது.

இவையெல்லாம் சோப்புக்கென்றே தனியாக இருக்கட்டும். சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது டிஜிட்டல் தராசு. ஒரு கிராம் வரை காட்டுவது போதும். அது இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

4. கணக்கைத் திரும்பப் போடுங்கள்

வழிகாட்டியின் மையம் இதுதான். எந்தச் செய்முறையாக இருந்தாலும், யார் சொன்னதாக இருந்தாலும், காஸ்டிக் அளவை நீங்களே ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஒவ்வொரு எண்ணெயும் ஒரு கிராம் சோப்பாக மாறுவதற்கு இவ்வளவு காஸ்டிக் வேண்டும் என்று ஓர் எண் உண்டு:

தேங்காய் எண்ணெய் – 0.183
பாமாயில் – 0.142
கடலை எண்ணெய் – 0.137
சூரியகாந்தி எண்ணெய் – 0.135
நல்லெண்ணெய் – 0.134
தவிட்டு எண்ணெய் – 0.133
விளக்கெண்ணெய் – 0.128

இப்போது நம் செய்முறை. தேங்காய் எண்ணெய் 300 × 0.183 = 54.9. தவிட்டு எண்ணெய் 150 × 0.133 = 19.95. விளக்கெண்ணெய் 50 × 0.128 = 6.4. மொத்தம் 81.25 கிராம்.

இந்த 81.25 கிராமையும் போட்டால் எண்ணெய் ஒரு துளிகூட மிச்சமில்லாமல் சோப்பாகிவிடும். தராசு ஒரு கிராம் பிசகினாலும் காஸ்டிக் மிஞ்சும். அதனால் வேண்டுமென்றே குறைத்துப் போடுகிறோம். 8 சதவீதம் குறைத்தால் 74.75 வரும். அதையும் கீழ்ப்பக்கமாக 74 என்று வைத்துக்கொள்கிறோம். மாறாமல் மிஞ்சும் கொஞ்சம் எண்ணெய்தான் தோலுக்கு மென்மையைத் தருகிறது. காஸ்டிக் அளவில் தசமம் வந்தால் எப்போதும் கீழ்ப்பக்கம் இறக்குங்கள், ஒருபோதும் மேலே ஏற்றாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டுச் செய்வதாக இருந்தால் இந்தக் குறைப்பு 20 சதவீதம் வரை போகலாம். இல்லாவிட்டால் முகம் இழுத்துப் பிடிக்கும்.

மேலே உள்ள பட்டியலை மறுபடி ஒரு முறை பாருங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் தனியாக உயரத்தில் நிற்கிறது. "வீட்டில் நல்லெண்ணெய்தான் இருந்தது, அதையே போட்டேன்" என்று ஒருவர் 300 கிராமையும் மாற்றிவிட்டால் என்ன ஆகும்? மொத்தத் தேவை 66.55 கிராமாக இறங்கிவிடும். அவர் போடுவதோ அதே 74. ஏழு கிராமுக்கு மேல் காஸ்டிக் சேர ஆளில்லாமல் கட்டிக்குள் நிற்கும். சமையலில் எண்ணெய் மாற்றினால் ருசிதான் மாறும். இங்கே தோல் எரியும். எண்ணெயை மாற்றுவதில் தவறில்லை, மாற்றினால் கணக்கையும் புதிதாகப் போடவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த பெரிய தவறு மில்லியும் கிராமும் ஒன்று என்று நினைப்பது. எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், ஒரு லிட்டர் என்பதற்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்று போட்டிருக்கும். அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் 455 கிராம்தான். 500 கிராமுக்கென்று 5 சதவீதம் குறைத்துப் போட்ட கணக்கில் காஸ்டிக் 86.9 கிராம். 455 கிராமுக்கு முழுத் தேவையே 83.3 கிராம். குறைத்துப் போட்டதெல்லாம் வீணாகி, மூன்றரை கிராமுக்கு மேல் மிஞ்சிவிடுகிறது. என் முதல் சோப்பு கெட்டது இப்படித்தான். அளவுக் குவளையில் ஊற்றி, கோடு சரியாக இருக்கிறது என்று நம்பினேன்.

"முதல் தடவைதானே, நூறு கிராம் எண்ணெயில் கொஞ்சமாகச் செய்து பார்க்கிறேன்" என்று பலர் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் நூறு கிராம் எண்ணெய்க்குக் காஸ்டிக் சுமார் 15 கிராம். உங்கள் தராசு ஒரு கிராம் முன்னே பின்னே காட்டினால் அதுவே ஏறக்குறைய 7 சதவீதப் பிழை. நாம் விட்ட இடைவெளியில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். 74 கிராமில் ஒரு கிராம் பிசகினால் ஒன்றேகால் சதவீதம் சொச்சம்தான். வீட்டுத் தராசுக்கு அரை கிலோ எண்ணெய்தான் குறைந்தபட்ச அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. வேலைக்கு முன் உடுப்பும் இடமும்

முழுக்கை சட்டை, ரப்பர் கையுறை, கண்ணை முழுக்க மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, செருப்பு. கண்ணாடியைத்தான் எல்லோரும் தவிர்க்கப் பார்க்கிறார்கள். கையில் பட்டால் கழுவிவிடலாம், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

குழந்தைகளும் நாய் பூனையும் இல்லாத நேரமாக, ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாத நேரமாகப் பாருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆனால் எடை போடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காஸ்டிக் சில்லு லேசானது, பறந்து மேசையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, பிறகு கைவைக்கும்போதுதான் தெரியும்.

தோலில் பட்டால் உடனே குழாயடியில் பிடித்துப் பதினைந்து இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். வினிகரும் எலுமிச்சையும் தடவச் சொல்லும் வீடியோக்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். அமிலமும் காரமும் சேரும்போது சூடு கிளம்பும், காயத்துக்கு மேல் சுடுகாயம் ஆகும். வினிகர் மேசையைத் துடைக்க மட்டும். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டு அலசிக்கொண்டே இருந்து, பிறகு நேராக மருத்துவமனை. யாராவது தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உடனே மருத்துவமனை.

கரைசலை எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். கரைந்து ஆறியபின் அது பார்க்கப் பச்சைத் தண்ணீர் போலவே இருக்கும்.

6. எல்லாவற்றையும் முதலிலேயே எடை போட்டு வையுங்கள்

காஸ்டிக்கைக் கரைத்துவிட்டு எண்ணெயைத் தேடாதீர்கள். தண்ணீர் தனியாக, மூன்று எண்ணெயும் சேர்த்து ஒரு பெரிய பாத்திரத்தில், காஸ்டிக் காய்ந்த சின்னக் கிண்ணத்தில். அச்சில் பட்டர் பேப்பர் போட்டுத் தயாராக இருக்கட்டும்.

ஒவ்வொன்றையும் வைக்கும்போது தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தீர்களா என்று பார்த்து, எடையை நோட்டில் எழுதி டிக் போடுங்கள். கெட்டுப்போன சோப்பைச் சரிசெய்ய முடியுமா என்பது அந்த நோட்டைப் பொறுத்தது. விளக்கெண்ணெயை ஊற்றினேனா இல்லையா என்று பாதியில் சந்தேகப்பட்டவர்களை நான் மூன்று பேரையாவது பார்த்திருக்கிறேன்.

7. காஸ்டிக்கைத் தண்ணீரில் கரைப்பது

தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போடவேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. மாற்றிச் செய்தால் கொஞ்சம் தண்ணீர் மொத்தக் காஸ்டிக்கின் சூட்டையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொண்டு எரிமலை மாதிரி மேலே பொங்கும்.

ஓர் அகலமான டப்பில் கால்வாசி பச்சைத் தண்ணீர் வைத்து அதற்குள் கரைசல் பாத்திரத்தை நிறுத்துங்கள். நம் ஊர் வெயிலில் இது இல்லாவிட்டால் கரைசல் ஆற மணிக்கணக்கில் ஆகும். காஸ்டிக்கை மூன்று நான்கு முறையாகத் தூவி, ஒவ்வொரு முறையும் கரண்டியால் மெதுவாகக் கலக்குங்கள். முகத்தைப் பாத்திரத்துக்கு மேலே கொண்டுபோகாதீர்கள், எழும் ஆவி தொண்டையைப் பிடிக்கும்.

முதலில் கலங்கலாக இருந்து பிறகு தெளியும். அடியில் சில்லு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கரையாத ஒரு சில்லு சோப்புக்குள் போய் நின்றால் அந்த இடத்தில் தேய்க்கும்போது தோல் வெந்துவிடும்.

40 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஆறட்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைக் கையுறையோடு தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். எண்ணெயைச் சூடாக்கத் தேவையில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழேதான் உறையும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் மட்டும் உருக்கிக்கொள்ளுங்கள்.

8. கலக்குவதும் பதமும்

கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றுங்கள். பிளெண்டரைச் சாய்த்து உள்ளே விட்டு, அடியில் அடைபட்ட காற்றை வெளியேற்றி, அப்புறம் நேராக நிறுத்துங்கள். முழுக்க மூழ்கிய பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். தெறிப்பது எல்லாம் இந்த ஒரு நொடியில்தான்.

ஐந்து விநாடி ஓட்டுங்கள், பிறகு நிறுத்தி, பிளெண்டரையே கரண்டி போல வைத்துக் கால் நிமிடம் சுற்றிக் கலக்குங்கள். மறுபடி ஐந்து விநாடி. தொடர்ந்து ஓட்டினால் காற்றுக் குமிழ் ஏறும், பதமும் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும்.

முதலில் எண்ணெய்ப் பளபளப்பு மறைந்து, மோர்க்குழம்பு நிறத்துக்கு வரும். பிறகு தோசை மாவு போல ஆகும். பிளெண்டரை நிறுத்தித் தூக்கினால் சொட்டும் மாவு மேலே கோடாக ஒரு நொடி நின்று மறைந்தால், அதுதான் பதம். வீடியோக்களில் டிரேஸ் என்று சொல்வது இதைத்தான். இட்லி மாவு கெட்டிக்குப் போகவிடாதீர்கள், அச்சில் ஊற்றும்போது இடைவெளி விழும்.

பதம் வருவதற்கு முன் ஊற்றுவது இன்னும் மோசம். சில மணி நேரத்தில் எண்ணெய் மேலே, கரைசல் கீழே என்று பிரிந்துவிடும். ஓரத்தில் எண்ணெய்க் கோடு தெரிந்தால் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

9. மஞ்சள், வேப்பிலை, வாசனை

பதம் வந்தபின்தான் சேர்க்கவேண்டும். முதல் முறை எதுவுமே சேர்க்காமல் செய்யுங்கள் என்பது என் ஆலோசனை. கேட்பவர்கள் குறைவு, அதனால் இவற்றையாவது மனதில் வையுங்கள்.

காய்ந்த, நன்றாகச் சலித்த பொடி மட்டும், அரை கிலோ எண்ணெய்க்கு ஒரு டீஸ்பூன். பச்சை இலையையோ கற்றாழையையோ அரைத்துப் போட்டால் சில வாரத்தில் பழுப்பாகும், கெடவும் கெடும். செம்பருத்தியின் சிவப்பும் பீட்ரூட்டின் சிவப்பும் காரத்தில் நிற்காது. வேப்பிலைப் பச்சையும் நாளாக ஆகப் பழுப்பாகிவிடும். வீடியோவில் பளிச்சென்று இருப்பது அன்றைக்கு எடுத்த படம். மஞ்சள் முதலில் செக்கச்செவேலென்று மாறும், பயப்பட வேண்டாம், அது காரத்தின் வேலை. பின்னால் இறங்கிவிடும்.

எலுமிச்சைச் சாறு போடாதீர்கள். அதிலுள்ள சிட்ரிக் அமிலம் காஸ்டிக்கைத் தின்றுவிடும். 10 கிராம் சிட்ரிக் அமிலம் 6 கிராமுக்கு மேல் காஸ்டிக்கைச் செலவழிக்கும், அப்புறம் உங்கள் கணக்கு கணக்காக இருக்காது. தேன், சர்க்கரை, பால் மூன்றும் சூட்டைக் கிளப்பும்.

வாசனைக்கு, தோலுக்கு ஏற்றதென்று விற்கப்படும் எசென்ஷியல் ஆயில் 10 முதல் 15 கிராம். உடைக்கு அடிக்கும் சென்ட்டில் ஆல்கஹால் இருக்கும், மாவு கண்முன்னே கல்லாக இறுகும்.

10. அச்சில் ஊற்றியபின் போர்த்த வேண்டாம்

சிலிக்கான் அச்சு சிறந்தது. பட்டர் பேப்பர் போட்ட ஐஸ்கிரீம் டப்பாவும் போதும். ஊற்றியபின் மேசையில் இரண்டு தட்டு தட்டுங்கள், குமிழ் வெளியேறும்.

குளிர்நாட்டு வீடியோக்களில் அச்சைத் துண்டாலும் கம்பளியாலும் சுற்றி வைப்பார்கள். அங்கே அறைச்சூடு போதாது, அதனால் செய்கிறார்கள். இங்கே ஏப்ரல், மே வெயிலில் அதைச் செய்தால், தேங்காய் எண்ணெய் அதிகமுள்ள சோப்பு உள்ளுக்குள் கொதித்து நடுவில் வெடிக்கும், சில சமயம் அச்சைத் தாண்டி வழியும். மேலே ஒரு தட்டை மட்டும் லேசாக மூடி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நடுப்பகுதி கண்ணாடி போல நிறம் மாறினால் கவலைப்பட வேண்டாம், ஆறினால் சரியாகிவிடும்.

பாத்திரங்களை உடனே கழுவாதீர்கள். ஒட்டியிருப்பது இன்னும் காரம். ஒரு நாள் எட்டாத இடத்தில் வைத்தால் அதுவும் சோப்பாகிவிடும். மறுநாள் கையுறையோடு கழுவினால் அதுவே நுரைத்துச் சுத்தமாகும்.

11. வெட்டுவதும் சோதிப்பதும்

மைசூர்பாகை வெட்டுவது போலத்தான். சூட்டோடு கத்தி வைத்தால் குழையும், முழுக்க இறுகியபின் வைத்தால் பொடிந்து உடையும். இந்தக் கலவைக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரத்தில் சரியான நிலை வரும். விரலால் அழுத்தினால் லேசாகத் தடம் பதியவேண்டும். இன்னும் கையுறை தேவை.

மூன்று நாள் கழித்துச் சோதனை. ஈர விரலால் கட்டியைத் தேய்த்து, அந்த விரலை நாக்கு நுனியில் ஒரு நொடி வையுங்கள். சோப்புச் சுவை மட்டும் தெரிந்தால் நல்லது. பேட்டரியை நாக்கில் வைத்தது போலச் சுரீரென்று இழுத்தால் காஸ்டிக் மிஞ்சியிருக்கிறது. உடனே வாய் கொப்பளித்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் இழுத்தால் உடம்புக்கு ஆகாது.

அப்போதுதான் நோட்டு உதவும். எழுதிவைத்த எடைகளைக் கணக்கோடு ஒப்பிட்டு, காஸ்டிக் எத்தனை கிராம் மிஞ்சியது என்று கண்டுபிடியுங்கள். 4 கிராம் மிஞ்சியிருந்தால் 4-ஐ 0.183-ஆல் வகுத்தால் சுமார் 22 கிராம் தேங்காய் எண்ணெய். பாதுகாப்புக்கு இன்னும் 40 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டிகளைத் துருவி, கொஞ்சம் தண்ணீரும் இந்த எண்ணெயும் விட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீருக்கு மேல் வைத்து மெதுவாக உருக்கி அச்சில் அழுத்துங்கள். அழகாக இருக்காது, பயன்படும். காரணமே தெரியவில்லை என்றால் யாருக்கும் கொடுக்காமல் அதை ஒதுக்கிவிடுவதுதான் நல்லது.

12. நான்கு வாரம்

சோதனையில் தேறிய கட்டியை உடனே பயன்படுத்தலாமே என்று கேட்பார்கள். பயன்படுத்தலாம், ஆனால் ஈரம் நிறைய இருப்பதால் நான்கு குளியலில் கரைந்துவிடும். ஈரம் போகப்போகத்தான் கட்டி இறுகும், தோலுக்கும் இதமாகும்.

முறத்தில் பட்டர் பேப்பர் விரித்து, கட்டிகள் ஒன்றையொன்று தொடாமல் நிழலில் அடுக்குங்கள். வெயிலும் உலோகத் தட்டும் வேண்டாம். வாரம் ஒரு முறை திருப்பிப் போடுங்கள். ஒரு கட்டியில் மட்டும் தேதி எழுதி வாராவாரம் எடை பாருங்கள். எடை இறங்குவது ஒரு கிராமுக்குள் வந்து நின்றால் தயார். நாட்காட்டியைவிட இதை நம்பலாம், ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கு வாரம் ஆறு வாரமாக நீளும். அந்தச் சமயத்தில் கட்டியின் மேல் வியர்வை போலத் துளி துளியாக நிற்கும். அது சோப்பிலேயே உருவாகும் கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பது, கெட்டுப்போனதல்ல. மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

அக்கம்பக்கத்தில் கொடுத்ததும் விலைக்குக் கேட்பார்கள். இந்தியாவில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருளில் சேரும். விற்பதற்காகத் தயாரிக்க, 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி மாநில உரிமம் வாங்கவேண்டும். அன்பளிப்பாகக் கொடுக்கும்போதும் என்னென்ன எண்ணெய் போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். கடலை எண்ணெய் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள்.

எல்லாக் கட்டிகளையும் கொடுத்துத் தீர்த்துவிடாமல் ஒன்றை ஆறு மாதம் அலமாரியில் வைத்துப் பாருங்கள். ஆரஞ்சு நிறப் புள்ளிகளும் பழைய எண்ணெய் வாடையும் வந்தால், தவிட்டு எண்ணெய் பழையதாக இருந்திருக்கலாம், இல்லையென்றால் மிஞ்சிய எண்ணெய் அதிகம். அடுத்த முறை புதுப் பாக்கெட்டில் தொடங்கி, 8 சதவீதத்தை 6 ஆக்கிப் பாருங்கள். அந்தக் கணக்குக்குக் காஸ்டிக் 76 கிராம்.